ஐஸ் கம்பெனிக்குக் கொடுத்த வேட்டி

ஜப்பான்காரன் பினாங்குக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஜார்ஜ் டவுனில், துறைமுகத்தை ஒட்டிய ஒரு சந்துக்குள் சின்ன ஐஸ் கம்பெனி ஒன்று இருந்தது. இப்போது அந்தக் கட்டடமே இல்லை. நான் சொல்லப் போவது அங்கே நடந்தது. எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது.

இவ்வளவு காலம் கழித்து இதை எழுத வைத்தது ஒரு கார். என் அண்ணன் மகன் பழைய கார் ஒன்றை வைத்துக்கொண்டு மாரடிக்கிறான். போன மாதம் ஏர்கோன் குளிரவில்லை என்று ஜுருவில் ஒரு பட்டறைக்குக் கொண்டு போனான். நானும் வண்டியில் இருந்தேன். மெக்கானிக் எதையோ கழற்றிக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, “கம்ப்ரஸர்ல லீக்குண்ணே. சீல் தேஞ்சிருச்சு, கேஸ் எல்லாம் வெளிய போவுது லா” என்றான். அந்த சீலைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். கறுப்பாக, குழந்தையின் வளையல்போல இருந்தது. கிழவிக்கு என்ன வேடிக்கை என்று அவன் நினைத்திருப்பான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதை விரலில் உருட்டிக்கொண்டே வந்தேன். உடம்பு சரியில்லையா என்று அண்ணன் மகன் இரண்டு தடவை கேட்டான்.

அந்த ஐஸ் கம்பெனியில் என் வீட்டுக்காரர் மிஷினுக்கு எண்ணெய் போடும் வேலையில் இருந்தார். கம்பெனிக்குப் பின்பக்கம் தகரக் கூரை போட்ட வரிசை வீடுகள். அதில் ஓர் அறை எங்களுக்கு. கல்யாணமாகிச் சில வருஷங்கள் ஆகியும் குழந்தை இல்லை. அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. பேசினால் மிஷினைப் பற்றிப் பேசுவார். படுத்திருக்கும்போது சுவருக்கு அப்பால் வரும் சத்தத்தைக் கேட்டு, “இன்னிக்கு பெல்ட்டு தளர்ந்திருக்கு” என்பார். எனக்கு எல்லாச் சத்தமும் ஒரே சத்தம்தான்.

அரிசி கிடைக்காத காலம். அவருடைய அண்ணன் அக்கரையில், புக்கிட் மெர்தாஜாம் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தார். அங்கே மரவள்ளிக் கிழங்கு கிடைக்கும் என்று ஒரு நாள் காலையில் கோணிப்பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் பெர்ரி ஏறினார். ராத்திரி அங்கே தங்கிவிட்டு மறுநாள் வருவதாகச் சொன்னார். வரவில்லை. சில நாள் கழித்து அவருடைய அண்ணி ஆள் விட்டுச் சொன்னார்: விடியற்காலையில் லாரிகள் வந்து தோட்ட ஆட்கள் குடியிருக்கும் லயத்தைச் சுற்றி வளைத்திருக்கின்றன. அண்ணன் தம்பி இருவரையும் சேர்த்தே ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சயாமில் ஜப்பான்காரன் போடும் ரயில் ரோட்டு வேலைக்கு.

அவருடைய படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. போகும்போது பழைய காற்சட்டையோடு போனார். நல்ல வேட்டி ஒன்று இருந்தது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும்போது மட்டும் கட்டுவார். அதுதான் தகரப் பெட்டியில் மிஞ்சியது. அதை நான் துவைக்கவே இல்லை. சாயங்காலங்களில் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன்.

அந்த நாட்களில் யாரும் யாரோடும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள். யார் போய் யாரிடம் சொல்வார்களோ என்று பயம். ஒருத்திக்கு மட்டும் கிழங்கு வேக வைப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்? மீதி நேரத்தை என்ன செய்வது என்று தெரியாது. சில சமயம், “சாப்பிட்டாச்சா?” என்று அவர் கேட்பதுபோல் தோன்றும். “ஆச்சு” என்று நானே சத்தமாகப் பதில் சொல்லிவிட்டு, பக்கத்து அறைக்குக் கேட்டிருக்குமோ என்று திடுக்கிடுவேன். சுவருக்கு அப்பால் மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும். அப்போதுதான் அந்தச் சத்தத்தைக் கவனிக்க ஆரம்பித்தேன். அவருக்குத் தெரிந்தது எனக்கும் தெரிய வேண்டும்போல் ஓர் ஆசை.

அவர் பார்த்த வேலைக்கு என்னை எடுத்துக்கொள்ளும்படி ஜப்பான் மேலாளரிடம் பேசியவர் கம்பெனியின் என்ஜின்காரர். சீனர், ஐம்பது வயது இருக்கும். எல்லோரும் அவரை ‘அப்பேக்’ என்று கூப்பிடுவோம், பெரியவர் என்கிற மாதிரி. அவர் என்னை ‘அச்சி’ என்பார். தமிழ்ப் பெண்களை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவருடைய வலது கை விரல்கள் கோணலாக இருக்கும். ஜப்பான்காரன் வந்த புதிதில் எங்கோ கொண்டுபோய் வைத்திருந்து அடித்து அனுப்பினார்கள் என்று கேள்வி. அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. எங்கள் பேச்செல்லாம் பாசார் மலாயில்தான், அதாவது சந்தையில் பேசும் மலாயில், எண்ணெய், தண்ணீர், பெல்ட் என்று வேலையோடு முடிந்துவிடும். அவருக்கு யாரும் இல்லை, ஒண்டிக்கட்டை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

கம்ப்ரஸர் எங்கள் அறையைவிடப் பெரியது. அம்மோனியா கேஸை அழுத்தி அனுப்பும். அந்தக் கேஸ்தான் சுற்றிச் சுற்றி வந்து தண்ணீரை ஐஸாக்குகிறது. உருளைக்குள் ஓர் இரும்புத் தண்டு போய் வந்துகொண்டே இருக்கும். அது நுழைகிற வாயில் கேஸ் வெளியே வராமல், கொழுப்பில் ஊறிய பருத்திக் கயிறு போன்ற ஒன்றைச் சுற்றிச் சுற்றி அடைத்திருப்பார்கள். பேக்கிங் என்பார்கள். தேயத் தேய மாற்ற வேண்டும். முன்பெல்லாம் சீமையிலிருந்து வந்தது. சண்டை வந்ததும் அதுவும் நின்றது, கேஸ் உருளை வருவதும் நின்றது. மிஷினுக்குள் இருக்கும் கேஸ்தான் இருக்கிற கேஸ் என்றாகிவிட்டது.

மழைக்காலத்தில் ஒரு நாள் எண்ணெய் போடக் குனிந்தபோது கண் எரிந்தது. வெங்காயம் உரிப்பதைவிடப் பத்து மடங்கு. அப்பேக் கந்தகக் குச்சி ஒன்றைக் கொளுத்தித் தண்டுப் பக்கம் கொண்டு போனார். குச்சியின் புகை அந்த இடத்தில் பால்போல வெள்ளையாகத் திரண்டது. அம்மோனியா கசிந்தால் அப்படித்தான் காட்டிக் கொடுக்கும். அவர் நட்டை முடுக்கிப் பார்த்தார். தண்டு சூடானது. சணலைத் திரித்து அடைத்துப் பார்த்தார். இரண்டு நாள்கூட நிற்கவில்லை. பிறகு எங்கிருந்தோ பருத்தித் துணி கொண்டுவந்து தானே பின்னி அடைத்தார். அது சில வாரம் தாங்கியது. மறுபடியும் கண் எரிய ஆரம்பித்தது.

மேலாளர் வந்து பார்த்தான். கத்தவில்லை. ஐஸ் நின்றால் மிஷினைக் கழற்றிக் கப்பலில் ஏற்றிவிடுவதாகவும், வரிசை வீடுகளைக் காலி செய்ய வேண்டும் என்றும், ஆண்களுக்கு வேறு இடத்தில் வேலை இருக்கிறது என்றும் குமாஸ்தா மூலமாகச் சொல்லிவிட்டுப் போனான். வேறு இடம் என்றால் எந்த இடம் என்று எல்லோருக்கும் தெரியும்.

பக்கத்து அறையில் ஓர் அக்கா இருந்தார். ஐஸ் கட்டிகளை மரத்தூள் போட்டு மூடும் வேலை அவருக்கு. அன்று சாயங்காலம் குழாயடியில், “இந்த வூட்ட வுட்டுட்டா நீ எங்க போவ? உன் வூட்டுக்காரு திரும்பி வந்தா எங்கன்னு வந்து தேடுவாரு?” என்று கேட்டார்.

எனக்கும் அந்த ஒரே கவலைதான். அவருக்குத் தெரிந்த கதவு இது ஒன்றுதான். இந்தச் சந்துக்கு வந்து வேறு யாரோ கதவைத் திறந்தால் அவர் என்ன செய்வார்? பட்டினி கிடந்தாலும் அந்த அறையிலேயே கிடப்பது என்று முடிவு செய்திருந்தேன்.

மறுநாள் அப்பேக் ஒவ்வொருவரிடமும் துணி கேட்டுக்கொண்டு வந்தார். எல்லோரும் கோணிச் சாக்கையும் ஒட்டுப்போட்ட கந்தலையும் கட்டிக்கொண்டிருந்த காலம். இற்றுப்போன துணி இதற்கு ஆகாது. கெட்டியான பருத்தி வேண்டும். அக்காதான் என் பெட்டியில் இருப்பதை அவரிடம் சொல்லியிருக்கிறார். அவர் என் கதவுக்கு வெளியே நின்றார்.

“அச்சி, உன்கிட்ட ஒரு வேட்டி இருக்காம்.”

“இருக்கு அப்பேக். ஆனா தர முடியாது. அவரு வந்து கேட்டா நான் என்ன சொல்லுவேன்?”

அவர் மிஷின் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். கெஞ்சவில்லை. மேலாளர் சொன்னதை ஞாபகப்படுத்தவில்லை. “சரி லா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஒண்டிக்கட்டைக்கு என்ன தெரியும், அவருக்கு எல்லாமே சரக்கு என்று நான் மனதுக்குள் பொருமிக்கொண்டேன்.

அடுத்த நாள் மிஷினை நிறுத்தினார். பழைய பேக்கிங்கை வெளியே எடுக்க வேண்டும். அவருடைய விரல்கள் உள்ளே போகாததால் என்னைக் கூப்பிட்டார். ஈரத் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு, நுனி வளைத்த கம்பியால் நான் ஒவ்வொரு சுற்றாக இழுத்தேன். கரியும் எண்ணெயும் ஏறித் தார்போல இருந்தது. கடைசிச் சுற்று, அடியில் கிடந்தது, அவ்வளவாகக் கருகவில்லை. வெளியே வந்ததும் புரி அவிழ்ந்து என் உள்ளங்கையில் விரிந்தது. நீலத் துணி. அதில் சின்னச் சின்ன வெள்ளைப் பூ.

ஆண்கள் உடுத்துகிற துணி இல்லை அது. நான் அவரைப் பார்த்தேன்.

“என் பெண்டாட்டி பாஜு,” என்றார். பாஜு என்றால் மேல்சட்டை. “குண்டு போட்டான்ல, அன்னிக்கு அவ பாசாருக்குப் போனா, திரும்பி வரல. வேற பாஜு போட்டிருந்தா. இது வீட்டுல கொடியில காஞ்சிட்டு இருந்துச்சு.”

அவர் அந்தத் துண்டை என் கையிலிருந்து எடுத்துப் புரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“துணி நல்ல துணி. என் கை சரியில்ல, இறுக்கிப் பின்ன வரல. அதான் நிக்கல. வீணாக்கிட்டேன்.”

அவர் வருத்தப்பட்டது அதற்குத்தான். கொடுத்ததற்கு இல்லை. அந்தத் துண்டைத் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் வைத்துவிட்டு, தண்டைத் துடைக்க ஆரம்பித்தார். மத்தியானம் ஆகியிருந்தது. கையைக்கூடக் கழுவாமல் நான் அறைக்கு வந்தேன்.

பெட்டியைத் திறந்து வேட்டியை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரரின் வாசனை அதில் இருக்கிறது என்று அத்தனை மாதமாக நம்பிக்கொண்டிருந்தேன். அன்று என் மூக்கில் ஏறியது தகர வாசனையும் என் கையிலிருந்த அம்மோனியாவும்தான். எப்போது போனதோ அவர் வாசனை, எனக்குத் தெரியாது. கரையைப் பல்லால் கடித்துக் கிழித்தேன். கிழியும் சத்தம் கேட்டு அக்கா கதவருகே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே வந்து எதிரில் உட்கார்ந்து மறு நுனியைப் பிடித்துக்கொண்டார். நீள நீளமாகக் கிழித்து, ஜன்னல் கம்பியில் முடிச்சுப் போட்டு, தலைமுடியைப் பின்னுவதுபோல் பின்னினேன். ஒவ்வொரு புரிக்கும் கால் கொடுத்து இழுத்தேன். இவ்வளவு இறுக்கமாக நான் எதையும் பின்னியதில்லை.

நான் கொண்டுபோய் நீட்டியபோது அப்பேக் உடனே வாங்கவில்லை.

“வேணாம் அச்சி. வேற பார்ப்போம்.”

“வேற இல்லன்னு உங்களுக்கே தெரியும்,” என்றேன்.

அவர் சட்டையில் கையை இரண்டு பக்கமும் துடைத்துக்கொண்டு வாங்கினார். ஆட்டுக் கொழுப்பைக் காய்ச்சினார். செத்துப்போன டார்ச் லைட் பாட்டரிகளை உடைத்து, உள்ளே இருந்த கரிக்குச்சியை இடித்துப் பொடியாக்கிக் கொழுப்பில் கலந்தார். பின்னலை அதில் ஊறவைத்தார். வெள்ளை வேட்டி கறுப்பாவதை நான் நின்று பார்த்தேன்.

மறுநாள் காலை அடைத்தோம். தண்டைச் சுற்றும் அளவுக்கு அவர் துண்டு போட்டுக் கொடுக்க, நான் ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினேன். ஒரு சுற்றின் வெட்டு முனையும் அடுத்த சுற்றின் வெட்டு முனையும் ஒரே இடத்தில் வரக்கூடாது, வந்தால் அந்த வழியாகக் கேஸ் வந்துவிடும் என்று சொல்லிக் கொடுத்தார். கடைசிச் சுற்றுக்கு நான் குனிந்தபோது, கேஸ் வராமல் அடைத்து வைத்திருந்த வால்வு ஒன்று விட்டுவிட்டது. முகத்தில் யாரோ நெருப்பை அள்ளி வீசினதுபோல் இருந்தது. மூச்சு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. அப்பேக் என் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீர்த் தொட்டிக்குள் முகத்தை அமுக்கினார். நான் நிமிர்ந்தபோது அவர் அங்கே இல்லை. திரும்பிப் போய், அந்தக் கேஸுக்குள் நின்று வால்வை முடுக்கிக்கொண்டிருந்தார். இருமல் சத்தம் மட்டும் கேட்டது. வெளியே ஓடிப்போன ஆண்கள் வாசலில் நின்று கத்தினார்கள், அவர் வரவில்லை.

வால்வு மூடிக்கொண்டது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து தொட்டியில் தலையை முக்கினார். கண்கள் இரண்டும் ரத்தமாக இருந்தன. கொஞ்ச நேரம் வாசலில் உட்கார்ந்திருந்தோம். பிறகு நான் உள்ளே போய் விழுந்து கிடந்த கடைசிச் சுற்றை எடுத்துத் தள்ளினேன். அவர் மூடியை வைத்து நட்டுகளை விரலால் திருகினார். ஸ்பேனர் போட்டு இப்போதே முடுக்கவில்லை, முடுக்கினால் தண்டு சூடாகிவிடும்.

பெல்ட் ஓடியது. தண்டு ஒரு தடவை போய் வந்தது. அப்புறம் அதன் வேகத்துக்கு ஓட ஆரம்பித்தது. ஒவ்வொரு நட்டாகக் கொஞ்சம் கொஞ்சம் முடுக்கிவிட்டு, அப்பேக் கந்தகக் குச்சியைக் கொளுத்தினார். தண்டைச் சுற்றி மேலே, கீழே, பக்கத்தில் என்று கொண்டு போனார். புகை புகையாகவே இருந்தது. எங்கேயும் வெளுக்கவில்லை.

“நல்லாப் பின்னியிருக்க, அச்சி,” என்றார்.

அதைச் சொல்லிவிட்டு அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் எண்ணெய்க் குவளையைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். சற்று முன்வரை கேஸ் நிறைந்திருந்த அறை. யார் கண்ணில் தண்ணீர் வந்தாலும் ஏன் என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

தனிமை அதோடு போய்விட்டது என்று சொன்னால் பொய். அன்று சாயங்காலம் அறைக்கு வந்து பழக்கத்தில் பெட்டியைத் திறந்தேன். என் சேலை ஒன்றும் ஒரு சீப்பும் கிடந்தன. மூடிவிட்டு வெகுநேரம் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தேன். ஆனால் மறுநாளிலிருந்து மத்தியானத்தில் நானும் அப்பேக்கும் மிஷின் அறை வாசலில் ஒரே பலகையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர் தன் வள்ளிக்கிழங்கில் பாதியை எடுத்து என் தட்டு ஓரத்தில் வைப்பார். நான் என் கிழங்கில் பாதியை அவருக்கு வைப்பேன். இரண்டும் கிழங்குதான், ஆனாலும் தினமும் மாற்றிக்கொள்வோம்.

பேக்கிங்கைப் பிறகு பலமுறை முடுக்க வேண்டியிருந்தது. ஆனாலும் வெள்ளைக்காரன் திரும்பி வரும்வரை மிஷின் ஓடியது. வீடுகளை யாரும் காலி செய்யவில்லை. கம்பெனி ஆண்கள் யாரும் சயாமுக்குப் போகவில்லை.

சண்டை முடிந்ததும் சயாமிலிருந்து ஆட்கள் ஐந்தும் பத்துமாக வந்து சேர்ந்தார்கள். நான் தினமும் பெர்ரித் துறைக்குப் போய் நின்றேன். ஒரு நாள் என் வீட்டுக்காரரின் அண்ணன் இறங்கினார். தனியாக. ஆளை அடையாளமே தெரியவில்லை. மழை நாளில், முகாமில், காய்ச்சலில் தம்பி போய்விட்டதாகச் சொன்னார். நான் அத்தனை பாடுபட்டுக் காத்துவைத்த கதவுக்கு என் வீட்டுக்காரர் வரவே இல்லை.

உடல் இல்லாமல் காரியம் செய்ய வேண்டியிருந்தது. கடற்கரையில் வைத்துச் செய்தோம். போனவருடைய துணி ஏதாவது இருந்தால் கொண்டு வாருங்கள் என்றார் பூசாரி. இல்லை என்றேன். தர்ப்பையில் ஓர் உருவம் செய்து வைத்து முடித்தார். அந்த ஒரு நிமிடம் மட்டும் எனக்கு நெஞ்சு கிழிந்தது, மறைப்பானேன். திரும்பிப் பார்த்தபோது, எங்களுக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில், செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அப்பேக் நின்றிருந்தார். நான் சொல்லி அனுப்பவில்லை. அக்கா சொல்லியிருக்கலாம். எங்கள் சடங்கு அவருக்குத் தெரியாது. எல்லோரும் கும்பிட்டபோது அவரும் கோணல் விரல்களைச் சேர்த்துக் கும்பிட்டார்.

பிறகு நான் அக்கரையில் பிறை என்ற ஊரில் இருந்த என் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டேன். அடுத்த தடவை சந்துக்கு வந்தபோது அவர் வேலையை விட்டுத் தைப்பிங் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். அதற்கப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை. அவர் பெயர் என்ன என்றுகூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

கெஞ்சாமலும் காரணம் சொல்லாமலும் யாராவது என்னிடம் பெரிதாக ஒன்றைக் கேட்டு வந்து நின்றால், முடியாது என்று சொல்லும் முன், இந்த ஆள் தன்னுடையதை எல்லாம் ஏற்கெனவே கொடுத்துவிட்டுத்தான் என் வாசலுக்கு வந்திருக்கிறாரோ என்று இன்றைக்கும் ஒரு கணம் தயங்கி நிற்கிறேன்.